கல் பதிக்கும் முன் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரையின் பழைய வீதிகளை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. கூடவே ஒரு வரைபடமும் இருக்கும். அகலமான நடைபாதை, வரிசையாக மரம், மரத்தடியில் பெஞ்சு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் எதிலும் நான் ஒரு மூட்டையைப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் 34 வருடம் கணக்கெழுதினேன். இப்போது வேலையில் இல்லை. வீடு பக்கத்துச் சந்தில் இருப்பதால் வீதியை விட்டு விலகவில்லை. விடிவதற்கு முன்பே லோடு இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் சந்து முழுக்கத் தும்மும். வெளிச்சம் வந்ததும் பூக்காரர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். பத்து மணிக்கு மேல் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து சீட்டோடு வரும் சில்லறைக் கடைக்காரர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. ஒரே வீதி நேரத்துக்கு நேரம் வேறு வேலை பார்க்கிறது. பகல் மூன்று மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போகிறவர் பார்ப்பது அந்த மூன்று மணி வீதியை மட்டும்தான்.

எங்கள் கடையில் மூட்டை தூக்கிய அண்ணன் ஒருவரிடம் நடைபாதையின் உயரம் பற்றி ஒருமுறை கேட்டேன். "தலையில மூட்டை இருக்கும்போது கீழ பார்க்க முடியாது, கணக்குப்பிள்ளை. படி எவ்வளவு ஒசரம்னு காலுக்குத்தான் தெரியணும்" என்றார். நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒரே வீதியில் ஓரிடத்தில் 100, பத்தடி தள்ளி 200 என்று மாறினால் அண்ணனின் கால் ஏமாந்துவிடும். உயரம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, ஒரே சீராகவும் இருக்க வேண்டும். இது எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது.

கடைக்கு எதிரே பூக்கட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். காலையில் கிழக்கு ஓரத்தில் உட்காருவார், மதியத்துக்கு மேல் மேற்கு ஓரத்துக்கு மாறிவிடுவார். வீதி தெற்கு வடக்காக ஓடுவதால் நிழல் அப்படித்தான் விழும். பூ வாடினால் அன்றைய பிழைப்பு போச்சு. "பூக்கடைக்கு இந்த இடம்" என்று வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டால், அரை நாள் அவர் வெயிலில் காய வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நடத்தியது யார் என்பது இங்கே முக்கியமில்லை. வேலைநாள், காலை 11 மணி. வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தோம். சுவரில் மாட்டியிருந்த படத்தில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். என் கடை எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. லோடுமேன்கள் யாரும் இல்லை. பூக்காரம்மாவுக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது. வணிகர்கள் பேசினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கலைந்தோம். மக்களைக் கேட்டாயிற்று என்று குறிப்பில் எழுதியிருப்பார்கள்.

இங்கே ஒன்றை மனசாட்சியோடு சொல்ல வேண்டும். வியாபாரிகள் சங்கத்தைக் கூப்பிட்டால் வீதியைக் கேட்டதாக ஆகிவிடாது. சங்கத்தில் என் முதலாளி பேசுவார். அவர் நல்லவர், ஆனால் அவருக்கு வேண்டியது கடை வாசலில் வண்டி நிறுத்த இடம். எங்கள் கடையும் வருடக்கணக்கில் நடைபாதையில் பருப்பு மூட்டை அடுக்கியது. அதைத் தாண்டுவதற்காக வயதானவர்கள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே இறங்கி நடந்தார்கள். அது தவறு. கணக்கில் நான் எழுதாத தவறு. அதனால்தான் நடப்பவர்களையும் அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு அனுபவமும் உண்டு. எங்கள் சந்தில் வடிகால் வேலைக்கு அளவெடுக்க ஒரு இளம் பொறியாளர் வந்தார். கருவியை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தவரை எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டு, தன் வாசல்படியில் தண்ணீர்க் கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று காட்டினார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதில் வீடுகள் பள்ளத்தில் போய்விட்ட கதையையும் சொன்னார். அந்தத் தம்பி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதோடு விடாமல், மறுநாள் விடியற்காலையிலேயே வந்து டீ குடித்தபடி ஒரு மணி நேரம் லோடு இறக்குவதைப் பார்த்தார். சந்து முனையில் நடவிருந்த தடுப்புத் தூண்களுக்கு நடுவே கைவண்டி நுழையாது என்று அவருக்கே புரிந்தது. இடைவெளியைக் கூட்டி வரைந்துகொண்டார். அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. அவர் பார்க்க வேண்டிய நேரத்தில் வந்து பார்த்தார், அவ்வளவுதான்.

மாசி வீதிகளுக்கு இன்னொரு கடமை இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் சுந்தரேசுவரர் பிரியாவிடை அம்மனோடு பெரிய தேரிலும் மீனாட்சி அம்மன் சின்னத் தேரிலும் இந்த நான்கு வீதிகளைத்தான் சுற்றி வருகிறார்கள். தேர் நேராக ஓடும்போது அவ்வளவு கஷ்டமில்லை. முக்குத் திரும்பும்போதுதான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் திறமை தெரியும். எந்த முக்கில் சக்கரம் எவ்வளவு வெளியே ஒதுங்கும், வடம் பிடிக்கிறவர்கள் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். விளக்குக் கம்பத்தை எங்கே நடலாம், எந்தத் தூணைக் கழற்றி மாட்டும்படி வைக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டிய ஆட்கள் அவர்கள்தான்.

இந்த ஊர் தன் வீதிகளை மாற்றிக்கொள்வது புதிதும் இல்லை. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களில், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகள் போட்டார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று சொல்லித்தான் ஊராரை இறக்கினார் அவர். மேற்பார்த்தவர்களின் பெயர்தான் இன்றைக்கும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு நன்றியாக ஊரார் நட்டது விளக்குத்தூண். ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருவுக்கு வைத்த ஊர் இது என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வீதியின் வரைபடம் அந்தக் குழுவின் முன்னால் தமிழில், கடைப் பெயர்களோடு விரிக்கப்பட வேண்டும். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பு, சில நாட்கள் வண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாமே.

நான் கேட்பது இதுதான். எந்த வீதியில் கை வைத்தாலும், கல் பதிக்கும் முன் அந்த வரைபடத்தை வீதியிலேயே நிஜ அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். தூண் வரும் இடத்தில் மணல் மூட்டை வையுங்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள், அதில் ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு லோடு இறங்கும் நாளும் வரட்டும். லாரி எங்கே திணறுகிறது, சக்கர நாற்காலி எங்கே சிக்குகிறது, பூக்காரம்மா எங்கே நகர்கிறார் என்று பாருங்கள். கோடு அழிந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூட்டம் நடத்துவதாக இருந்தால் கடை அடைத்த பிறகு இரவு ஒன்பது மணிக்கு, தேரடியில் நடத்துங்கள். லோடுமேன்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. 34 வருடப் பழக்கம், நான் கூப்பிட்டால் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கர்,
கீழமாசி வீதி, மதுரை.