பிரேஸ் தயாரிப்பாளர்களுக்கு: சோதனை எண்களைத் தாருங்கள்

நெளிவுத் தடுப்பு பிரேஸ் தயாரிக்கும் நிறுவனங்களின் சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நிலநடுக்கத்தில் இழுபட்டும் அமுங்கியும், நெளியாமல் ஆற்றலை உறிஞ்சும் சாய்வான எஃகு உறுப்புதான் உங்கள் பிரேஸ். அதன் சோதனையின் விசை–நீட்சிப் பதிவைக் கேட்டு எழுதியதற்கு, "கையேட்டிலேயே வரைபடம் இருக்கிறதே" என்று உங்களில் ஒருவர் பதில் அனுப்பியிருக்கிறார். இருக்கிறது. தீப்பெட்டி அளவில், ஹிஸ்டெரிசிஸ் வளையங்கள் (இழுத்து அமுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் விசையும் நீட்சியும் வரையும் வளையங்கள்) ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, நடுவில் வெறும் மைத்திட்டு. முதல் வளையம் எது, கடைசி வளையம் எது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எங்களுக்கு வேண்டியதே அந்த வரிசைதான்.

உள்ளிருக்கும் எஃகுத் தகடு சுழற்சிக்குச் சுழற்சி இறுகிக்கொண்டே போவது உங்களுக்குத் தெரியாததல்ல. கினமேடிக் கடினமாதல் (வளையம் அளவு மாறாமல் இடம் மட்டும் பெயர்வது) மட்டுமே உள்ள இருகோட்டுக் கணினி மாதிரிக்கு அது தெரியாது. முதல் சுற்றுக்குப் பொருத்தினால், பிந்தைய சுற்றுகளில் தூணுக்கும் இணைப்புத் தகட்டுக்கும் போகும் விசை குறைவாக வருகிறது. கடைசிச் சுற்றுக்குப் பொருத்தினாலோ, பிரேஸ் தொடக்கத்திலேயே இல்லாத வலிமையைக் காட்டுகிறது. தளப்பெயர்ச்சி (மாடிகள் பக்கவாட்டில் நகர்வது) குறைந்து தெரிகிறது. ஐசோட்ரோபிக் கடினமாதலையும் (வளையமே பெரிதாவது) சேர்த்து, இழுவைக்கும் அமுக்கத்துக்கும் தனித்தனியே பொருத்தியாக வேண்டும். ஓப்பன்சீஸ் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் உள்ள ஸ்டீல்4 என்ற எஃகு மாதிரி அதற்கு இடம் தருகிறது. அதன் மாறிலிகளை எதை வைத்து நிரப்புவது, அந்த மைத்திட்டை வைத்தா?

ஒமேகாவும் (கடினமாதலால் விசை எத்தனை மடங்கு ஏறுகிறது) பீட்டாவும் (இழுவையைவிட அமுக்கத்தில் எத்தனை மடங்கு) கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். தூணின் வலிமையைச் சரிபார்க்க அவை போதும். விசை அந்த உச்சத்துக்கு எப்படி ஏறியது என்பதை அவை சொல்லா. நிலநடுக்க அதிர்வை நொடிக்கு நொடி ஓட்டிப் பார்க்கும் நேர வரலாற்றுப் பகுப்பாய்வுக்கு அதுதான் தேவை. எண்களைத் தாருங்கள்.

அமெரிக்க எஃகுக் கட்டுமான நிலநடுக்க விதிநூலான ஏஐஎஸ்சி 341 கேட்கும், இளகு நீட்சியைப் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் நீட்சி) போல் 200 மடங்கு திரண்ட நீட்சியைத் தாண்டிவிட்டதாகப் பளபளப்புத் தாளில் அச்சிடுகிறீர்கள். மகிழ்ச்சி. வழியில் விசை எவ்வளவு இருந்தது என்று கேட்டால் மட்டும் அது வணிக ரகசியமாகிவிடுகிறது. தகட்டைச் சுற்றியுள்ள சாந்தின் கலவையையோ, தகடு அதில் ஒட்டாமல் காக்கும் படலத்தின் சேர்மானத்தையோ நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பிரேஸை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும் மாதிரிகள் விற்பனைக்கு உதவக்கூடும். நிலநடுக்கம் கையேட்டைப் படித்துவிட்டு வருவதில்லை.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. பணிவாகக் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு சோதனைக்கும் விசையையும் நீட்சியையும் நேர வரிசையில் தரும் சாதாரண உரைக்கோப்பு, மையத் தகட்டில் இளகும் பகுதியின் நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, கூப்பன் சோதனையில் (அதே எஃகின் சிறு துண்டை இழுத்துப் பார்ப்பது) கிடைத்த இளகு வலிமை. நீட்சியை எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். ரகசியக்காப்பு ஒப்பந்தம் தேவையென்றால் அனுப்பி வையுங்கள், கையெழுத்திட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பொறியாளர் ஒருவர்