செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

வீட்டு மாடிகளில் சோலார் பேனல் போடும் நம் சேலம் காண்ட்ராக்டர்கள் சங்கத்தின் தலைவர், பொருளாளர், மூத்த உறுப்பினர்கள், வந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நாற்காலி பாதி காலியாக இருப்பதால் இந்த அறிக்கையை வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். கட்டைவிரல் படம் அனுப்பினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும்.

மே தினத்தில் கொடி ஏற்றினோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. செயற்குழு ஐந்து முறை கூடியது, அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) இல்லை. ஜனவரியில் ஏற்காடு சுற்றுலாவுக்கு 46 பேர் வந்தார்கள். பிப்ரவரியில் எர்த்திங் (மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் வேலை) பயிற்சி வகுப்புக்கு 11 பேர் வந்தார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் செய்தி போட்டேன்.

சரி, சோலார் மானியம் தரும் முறையை மாற்றக் கேட்டு நாம் கொடுத்த மனு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு முழுக்க அதையே கட்டிக்கொண்டு அழுதேன் என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வந்தது. ஏன் அழுதேன் என்று இங்கே பதிவாகட்டும்.

2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் பேனல் போட மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபின் நம்மில் பலருக்கு வேலை கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் பேனல் ஏறி, வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் பேனலிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர் மாட்டி, சோதனை முடிந்த பிறகுதான் பணம் வரும். அதுவும் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு வரும். சட்டப்படி சரி. நடப்பில் என்ன? "சப்சிடி போக மீதியை இப்ப வாங்கிக்கங்க, சப்சிடி வந்ததும் அதைத் தர்றேன்" என்கிறார் வீட்டுக்காரர். முடியாது என்றால் அடுத்த தெருக்காரர் ஒத்துக்கொள்கிறார். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல், இந்தியாவில் செய்த பேனல் கட்டாயம். அதற்குக் கடைக்காரர் ரொக்கம் கேட்கிறார். ஆக, அரசு தரும் 78,000-க்கு நடுவில் வட்டி கட்டுவது நாம்தான்.

அம்மாப்பேட்டை உறுப்பினர் ஒருவர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தறி ஓடும் தெருவில் மாடி வீடு, மூன்று கிலோவாட். மின் இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பாட்டி அந்த ஈ.பி. கார்டை மஞ்சள் பையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவே யோசித்தாராம். மானியத்துக்குத் தேவையான பெயர் மாற்றம் சீக்கிரம் ஆகிவிடும் என்று நம்பி நம் ஆள் பேனலை ஏற்றிவிட்டார். வாரிசுச் சான்று வேண்டும், மூன்று அத்தைகளின் சம்மதம் வேண்டும். அதில் ஓர் அத்தை பத்து வருடமாகப் பேச்சுவார்த்தையில் இல்லை. எட்டு மாதம் மேலே வெயில் பேனலில் அடித்துக்கொண்டிருந்தது, கீழே இவர் மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருந்தது. அவர் இன்று வரவில்லை. வந்திருந்தால் அவரையே சொல்லச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் வரி. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 22-இல் சோலார் பொருளுக்கு 12 சதவீதம் 5 ஆனது. குறைந்தது நல்லதுதான். நடுவில் அந்த ஐந்து வாரம்? கொட்டேஷன் வாங்கியவர்கள் எல்லாம் "வரி குறையட்டும், பார்க்கலாம்" என்றார்கள். லீ பஜார் மொத்தக் கடைகளில் பாக்கி வைத்திருந்த நம்மவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நாளைக்குச் சலுகை என்று இன்றைக்கே சொன்னால் இன்றைய வேலை நிற்கும். இதைச் சொல்ல யாராவது வேண்டாமா?

அதனால்தான் மனு. வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று என் மகளை இணையத்தில் தேடச் சொன்னேன். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரில் வீடுகளுக்கு வெப்பக் காப்பு போட ஒரு வவுச்சர் திட்டம், 150 கோடி பவுண்டு, இலக்கு 6 லட்சம் வீடு. 2021 மார்ச்சில் மூடிவிட்டார்கள். தேறியது சுமார் 47,500 வீடு. வவுச்சர் தாமதம், பணம் தாமதம், வேலைக்கு ஆள் எடுத்த காண்ட்ராக்டர்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் 2009-இல் நேர்மாறாகச் செய்தார்கள். கூரைக்கடியில் காப்பு போடும் காண்ட்ராக்டருக்கே நேராகப் பணம். நேற்றுவரை வேறு தொழில் செய்தவர்களும் இறங்கிவிட்டார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் செத்தார்கள், மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பத்தில். 2010 பிப்ரவரியில் திட்டமே நின்றது.

"அம்மாப்பேட்டைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். சம்பந்தம் இதுதான்: மானியத்தைப் பில்லிலேயே கழித்துவிட்டு, அந்தத் தொகையை இத்தனை நாளுக்குள் என்று கெடு வைத்து வேலை செய்தவருக்குத் தாருங்கள் என்று கேட்டேன். கூடவே, எர்த்திங்கும் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரும் சோதித்த பிறகு தாருங்கள் என்றும் எழுதினேன். இந்த இரண்டாவது வரிக்காக ஐந்து பேர் கையெழுத்துப் போடவில்லை. நமக்கு நாமே சோதனை கேட்பதா என்றார்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போடாமல் கம்பியை மண்ணில் சொருகிவிட்டு வருகிறவர் யார் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மூன்றாவதாக, பேனலுக்கு மட்டும் மானியம் போதாது என்றும் எழுதினேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும் ஊரில் சின்ன வீட்டுக்காரர் பேனல் போட மாட்டார். ஆனால் அவர் வீட்டிலும் 75 வாட் ஃபேன் சித்திரை வெயிலில் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் இதில் சேரும். இதெல்லாம் ஒரு நாள் வேலை, முதலீடு குறைவு, சின்ன காண்ட்ராக்டரும் பிழைப்பார்.

மனு உரிய இடத்தில் கொடுக்கப்பட்டது. முத்திரை போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. பதில் இல்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது, விரும்புபவர் பார்க்கலாம். சுருக்கமாக, கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, பெரிய கடன் இல்லை. 'இதர செலவு' என்று இருப்பது மனுவுக்கான டைப்பிங், ஜெராக்ஸ், டீ. என் பெட்ரோலை நான் எழுதவில்லை.

138 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 57 பேர். ஆண்டுக்கு 1,200 ரூபாய். வாடிக்கையாளர் "சப்சிடி வரட்டும், தர்றேன்" என்றால் கொதிக்கிறோம். சந்தா கேட்டால் "பில் பாஸாகட்டும், தர்றேன்" என்கிறோம். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மண்டபம் கொடுத்தவர், மைக் செட் உறுப்பினர், சமையல்காரர், தலைவர், பொருளாளர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் தொடரப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இளைஞர் யாராவது வந்தால் மனுவின் கோப்பை அப்படியே ஒப்படைத்து, ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கத் தயார். யாரும் வராவிட்டால் வீட்டில் மறுபடி பேசிப் பார்க்கிறேன், ஆனால் இன்னொரு முறை கதவைத் தட்டப் போகும்போது என்னோடு நான்கு பேராவது வர வேண்டும்.

சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது. சாப்பாட்டு டோக்கனும் அங்கேதான் தருகிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்