ராட்சத விண்மீனின் காற்றையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மிகப் பெரிய விண்மீன்கள் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆர்136ஏ1 என்ற விண்மீன் சூரியனைப் போல 265 மடங்கு நிறை கொண்டது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அது 2010-ஆம் ஆண்டுக் கணக்கு. 1981-இல், அது இருக்கும் ஆர்136 விண்மீன் கூட்டத்தின் நெருக்கமான மையமான ஆர்136ஏ மொத்தத்தையும் ஒற்றை விண்மீன் என்று நினைத்து, இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் என்றார்கள். 1985-இல் அது எட்டாகப் பிரிந்து தெரிந்தது. 2022-இல் சிலியிலிருந்து இன்னும் கூர்மையாகப் படம் எடுத்தபின், ஆர்136ஏ1-இன் நிறை 200 மடங்கை ஒட்டி இறங்கிவிட்டது.

சரி, எண் மாறட்டும். என் குறை, கட்டுரை அதன் காற்றை, அதாவது அதிலிருந்து வெளியே பாயும் வாயுவை, தொடவே இல்லை என்பதுதான். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு கோட்டை வரைந்து காட்டுவதுண்டு: புற ஊதா நிறமாலையில், 1,550 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வரும் கார்பன் கோடு. வலப்புறம் ஒரு மேடு, இடப்புறம் ஆழமான பள்ளம். நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் வாயு விண்மீனின் ஒளியை விழுங்குவதால் விழுந்த பள்ளம் அது. வாயு எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவு தூரம் பள்ளம் இடப்புறம் நீளும்; அதனால் அதன் இடது விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்தால் காற்றின் உச்ச வேகம் கிடைத்துவிடும். ஆர்136ஏ1-க்கு நொடிக்குச் சுமார் 2,600 கிலோமீட்டர்! அந்தக் கூட்டத்தின் ராட்சத விண்மீன்கள் மாதத்துக்கு ஒரு பூமி எடை வரை வாயுவை வெளியே வீசுகின்றன. தள்ளுவது அவற்றின் ஒளியேதான்.

தரையிலிருந்து இந்தக் கோட்டைப் பார்க்க முடியாது, வளிமண்டலத்தின் ஆக்சிஜன் விடாது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் இதைப் பார்க்கக்கூடிய நிறமாலைக் கருவி 2004-இல் படுத்துவிட்டது. 2009 மே மாதம் அதைச் சரிசெய்யப் போன விண்வெளி வீரர் மைக் மாசிமினோ, ஒரு கைப்பிடியின் திருகு கழலாததால், விண்வெளியில் மிதந்தபடி அதைக் கையாலேயே இழுத்து உடைத்தார். அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட பொடித் திருகுகளைக் கழற்றி உள்ளே இருந்த மின்னட்டையை மாற்றினார். அந்தக் கருவியால்தான் 2016-இல் அந்த ஒரே கூட்டத்தில் சூரியனைவிட 100 மடங்குக்கு மேல் நிறை கொண்ட ஒன்பது விண்மீன்களை எண்ண முடிந்தது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பில். புற ஊதா அதற்குத் தெரியாது. ஹப்பிளோ 2024 ஜூனிலிருந்து ஒற்றை கைரோவில் (தொலைநோக்கியின் திரும்பலை அளக்கும் சுழல் கருவி) ஓடிக்கொண்டிருக்கிறது, பழுதுபார்க்க ஆள் போக இப்போது விண்ணோடமும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது. புற ஊதாத் தொலைநோக்கிகளைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள், அந்த மேடு பள்ளப் படத்தோடு.

அன்புடன்,
ஒரு இயற்பியல் ஆசிரியர்