பக்கவாட்டுப் படம் எங்கே?

அன்புள்ள சரவணா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தொடையெலும்பு எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். நேர்ப் படம் மட்டும்தான் இருக்கிறது. பக்கவாட்டுப் படம் எங்கே? நேர்ப் படத்தில் எலும்பின் உள் ஓரமும் வெளி ஓரமும் தெரியும்; முன் ஓரமும் பின் ஓரமும் பக்கவாட்டில்தான். நாலில் மூன்று ஓரத்திலாவது புது எலும்பு பாலம் போட்டிருந்தால்தான் 'கூடிவிட்டது' என்போம். உன் படத்தில் உள் ஓரத்தில் மட்டும் லேசாக வெள்ளை ஏறியிருக்கிறது. வெளி ஓரத்தில் கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. ஏழு மாதம் ஆகிவிட்டதே தம்பி.

மீனா நேற்று பேசினாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். காலையில் எழுந்து முதல் நாலைந்து அடிக்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயாம். தினம் ஒரு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடுகிறாயாம். அதை விடு. நாள்கணக்கில் போட்டால் எலும்பு கூடுவதையே தாமதப்படுத்தும் என்று சந்தேகம் உண்டு. அதைவிட, காட்டிக்கொடுக்க வேண்டிய வலியை அது மறைத்துவிடும். பால்கனியில் போய் ரொம்ப நேரம் நிற்காதே, கால் வீங்கும்.

எலும்புக்குள் ராடுதான் வைத்தாயிற்றே என்று நினைக்காதே. அது வெறும் முட்டுக்கொம்பு. நீ வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் எப்படி ஒடிகிறதோ, அப்படித்தான் ராடும் ஒடியும். அதற்குள் எலும்பு கூடிவிட வேண்டும். பெரும்பாலும் ராடைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூதான் முதலில் போகும். முட்டிக்கு மேலே இருக்கிற இரண்டில், முறிவுக்குக் கிட்டத்தில் உள்ளது லேசாக வளைந்த மாதிரி என் கண்ணுக்குப் படுகிறது. என் கண் தப்பாக இருக்கட்டும்.

மூன்று துண்டாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த எலும்பு உன்னுடையது. அதோடு பதினைந்தாம் நாளே முட்டியை 90 டிகிரி மடக்கிக் காட்டினாய், பிசியோ அசந்துபோனார். அந்தப் பிள்ளைதான் இப்போது ரிவ்யூ தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டு என் போனையும் எடுக்காமல் இருக்கிறது. உன் சித்தப்பா பிடிவாதம் உனக்கு எதற்கு?

ரிவ்யூவுக்குப் போனால் டாக்டரிடம் இதெல்லாம் கேள். ரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி (உள்ளே அழற்சி இருந்தால் இவை ஏறும்), வைட்டமின் டி, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல். தோல் கிழிந்த முறிவு என்பதால் உள்ளே சீழ் ஒளிந்திருக்கலாம். வெளியே புண் ஆறியதை நம்பாதே. சீழ் இருந்தால் வழியே வேறு: முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும், ராடையே எடுக்க வேண்டி வரலாம். சீழ் இல்லையென்றால், உள் குழியைக் கடைந்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் பருமனான ராடாக மாற்றுவார்கள், இல்லையென்றால் பக்கத்தில் பிளேட் வைத்து, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். உன் படத்தில் புது எலும்பே குறைவாக இருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. ஒன்பது மாதம் ஆன பிறகுதான் கூடவில்லை என்று முடிவுகட்டுவார்கள் என்று நீயாக உட்கார்ந்திருக்காதே. படுத்துக்கொண்டு, இரண்டு காலையும் இடுப்பு மூட்டில் உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்க்கச் சொல்; வலது கால் இடதைவிட அதிகமாக வெளியே திரும்பி, உள்ளே குறைவாகத் திரும்பினால் எலும்பு திருகி நிற்கிறது என்று அர்த்தம், சிடி ஸ்கேன் எடுத்து அளப்பார்கள். நீளமும் அளக்கட்டும். 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் இடுப்பும் முதுகும் பிறகு பேசும்.

கோலை வலது கையில் பிடிக்கிறாயாம். ஒடிந்தது வலது கால், கோல் இடது கையில். எத்தனை தடவை சொல்வது! பால்கனி வேண்டாம் சரவணா.

சுற்றி வளைத்தது போதும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர், "தம்பிக்கு சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உன் மாமனார் பக்கத்தில் நின்றார். "கிடையாது சார்" என்று சொன்னது நான். அன்று காலையில்தான் உன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து என் கைப்பைக்குள் போட்டிருந்தேன். எலும்பு வார்டில் எத்தனை பேரிடம் இதே கேள்வியை மிரட்டிக் கேட்டிருப்பேன்! நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், புகையின் கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முறிந்த முனைக்குச் சாப்பாடு போகாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சம்பந்தி முன்னால் என் கௌரவம் எனக்குப் பெரிதாகிவிட்டது. அந்தக் கேஸ் ஷீட்டில் 'இல்லை' என்று எழுதியிருப்பது என் வார்த்தை.

நிறுத்து. முழுசாக. தினம் எத்தனை என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்; உன்னால் முடியாவிட்டால் நான் சொல்கிறேன். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி என் பீரோவில் இருக்கிறது. ராடின் அளவும் கம்பெனியும் அதில்தான் உண்டு. கழற்ற அதற்குத் தகுந்த கருவி வேண்டும். கையோடு கொண்டுவருகிறேன். பக்கவாட்டுப் படத்தை மட்டும் அதற்குள் அனுப்பிவிடு.

அம்மா