கறவை மாட்டுக்கு வாரத் தவணையா? கொங்கு மாவட்டங்களின் முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும் நுண்கடன் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பல்லடம் வட்டாரத்தில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவரும் எனக்கு, அடமானம் வைக்க ஏதுமற்ற குடும்பங்களுக்கு நுண்கடன் தேவை என்பதில் ஐயமில்லை. என் முறையீடு தவணையைப் பற்றியது.

கறவை மாடு வாங்குவதாக விண்ணப்பத்தில் எழுதிக் கடன் பெறும் பெண்ணுக்கு, பணம் கைக்கு வந்த ஓரிரு வாரத்திலேயே முதல் தவணை வந்துவிடுகிறது. பால் சங்கத்தில் வாரந்தவறாமல் பட்டுவாடா நடப்பதில்லை. கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் மாடு வற்றிவிடும், தீவனச் செலவு மட்டும் நிற்காது. வெள்ளாடு என்றாலோ, குட்டியைக் கன்னிவாடிச் சந்தைக்குப் பிடித்துப்போக ஆறேழு மாதமாவது ஆகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மாடும் வாங்குவதில்லை, ஆடும் வாங்குவதில்லை. கடனில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே முடிந்து வைத்துவிட்டு, மீதியில் பழைய கைமாற்றை அடைக்கிறார்கள். பனியன் கம்பெனிச் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியவர்களுக்கும் இதே கதிதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆர்டர் குறைந்தபோது, சம்பளம் சுருங்கிய வீடுகளிலும் டியூ சுருங்கவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகளில், மாதக் கடன் தவணைகள் குடும்ப வருமானத்தின் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை எல்லோரும் அறிவோம். கடன் பெறுபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை மாற்றித்தர ஒவ்வொரு நிறுவனமும் இயக்குநர் குழு ஒப்புதலுடன் கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்றும் அவற்றிலேயே இருக்கிறது. இதைப் பற்றி ஒரு கிளை மேலாளரிடம் கேட்டபோது, "சிஸ்டம் அதை எடுக்காதுங்க" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிஸ்டத்தை அமைப்பவர்கள் நீங்கள்.

அவகாசம் கொடுத்தால் நிலுவை கூடும் என்ற உங்கள் அச்சம் பொய்யன்று. முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் கொல்கத்தாவில் நடத்திய ஆய்வில், தொழிலில் போட்ட முதலும் பிந்தைய ஆண்டுகளின் லாபமும் உயர்ந்தன. கூடவே நிலுவையும் கூடியது. ஆனால், இன்று நீங்கள் காட்டும் வசூலில் ஒரு பங்கு கந்துவட்டிக்காரரிடமும் இன்னொரு நிறுவனத்திடமும் வாங்கிக் கட்டிய பணம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த நிலுவை ஒழியவில்லை, உங்கள் பேரேட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். 1989 இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களின் வழிவந்த எங்கள் குழுக்களில், மாடு வற்றிய உறுப்பினருக்குக் குழுவே கூடிப் பேசி இரண்டு மாதம் தள்ளிக் கொடுப்பதுண்டு. அதனால் எந்தக் குழுவும் முழுகிப்போய் நான் பார்க்கவில்லை.

ஆகவே, தொழிலின் வருமானம் எப்போது கைக்கு வரும் என்ற கேள்வியை விண்ணப்பப் படிவத்தில் சேர்த்து, அந்த விடைப்படி தவணையை அமைக்க நுண்கடன் நிறுவனங்களையும், வாரத் தவணை அல்லாத கடன்கள் எத்தனை என்ற விவரத்தை மாவட்ட வங்கியாளர் ஆய்வுக் கூட்டத்தில் கேட்டுப் பெற, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழுக் கணக்கர் ஒருவர்,
பல்லடம் வட்டாரம்.