ஜூரி அழைப்பு வந்த லண்டன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் சட்டக் கேள்விகளில் ஒன்று எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது: "ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எப்படித் தப்புவது?" குற்ற வழக்கில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படும் பன்னிருவர் குழுதான் ஜூரி. கடை, வேலை, பிள்ளைகள், ஆங்கிலம் என்று காரணங்கள் அடுக்கப்படும். மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் இழுக்குமே என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். தப்ப வழி பார்க்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் வெள்ளைக் காலர் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் பாரிஸ்டர். வரி ஏய்ப்பு, லஞ்சம், பொய்க் கணக்கு, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குதல் போன்றவை என் அன்றாடம். இந்த வழக்குகளில் பணம் கைமாறியதா என்பதில் பெரும்பாலும் சண்டையே இருக்காது. வங்கி அறிக்கையும் மின்னஞ்சலும் கையெழுத்தும் கோப்பிலேயே இருக்கும். அதைச் செய்தபோது அந்த மனிதர் நேர்மையாக நடந்தாரா என்பதே கேள்வி. 2017 இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2020 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்ற வழக்குகளுக்கும் உறுதிப்படுத்திய அளவுகோல் இது: அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எதை உண்மையாகவே நம்பினார் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நிலையில் அவர் செய்தது சாதாரணமான, நாணயமான மக்களின் கண்ணுக்கு நேர்மையாகப் படுமா என்று பிறகு கேட்க வேண்டும். அந்தச் சாதாரண மக்களாக அங்கே உட்கார வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கணக்கு வழக்கு ஜூரிக்குப் புரியாது என்கிறார்கள். ஒரு வழக்கில், கணக்காய்வு நிபுணர் ஒருவர் இரண்டு நாள் சாட்சி சொல்லி முடித்த பிறகு, ஜூரியிடமிருந்து நீதிபதிக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மடித்த தாளில் பேனாவால் எழுதிய ஒரே கேள்வி: "இந்த சப்ளையரின் இன்வாய்ஸ் எண்கள் மூன்று மாதமாக இடைவெளியே இல்லாமல் வரிசையாக வருகின்றனவே, அவருக்கு வேறு வாடிக்கையாளரே கிடையாதா?" இரு தரப்பு வழக்கறிஞர்களும் நிபுணரும் அந்த இன்வாய்ஸ்களைப் பல மாதங்களாகப் புரட்டியிருந்தோம். எவரும் அதைக் கேட்கவில்லை. தினமும் இன்வாய்ஸைக் கையில் வைத்து சாமானை எண்ணி இறக்கிய ஒருவருக்குத்தான் அது கண்ணில் படும் என்று நினைக்கிறேன். அது என் கட்சிக்காரருக்குப் பாதகமான கேள்வி. ஆனாலும் அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் முன்னால் வாதாடவே நான் விரும்புகிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மாதம் தவறாமல் பலரிடமிருந்து ரொக்கம் வருகிறது. ஒரு மாதம் மொத்தமாகப் பெருந்தொகை போகிறது. எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் இல்லை. விசாரணை அதிகாரிக்கு அது கறுப்புப் பணம். நமக்கு அது சீட்டு. சீட்டு எப்படி நடக்கிறது என்று சாட்சிக் கூண்டில் ஒருவர் விளக்கும்போது, அதைப் பிடித்துப் பிள்ளையின் கல்யாணத்தை நடத்திய ஒருவர் கேட்பதற்கும், கேள்வியே படாத பன்னிருவர் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நம்மவர் என்பதற்காக யாரையும் விடுவிக்கச் சொல்லவில்லை. சீட்டு என்று சொல்லி ஏமாற்றுபவரையும் நீங்கள்தான் சீக்கிரம் இனங்காண்பீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. முன்னாள் நீதிபதி சர் பிரையன் லெவ்சன் தலைமையில் குற்றவியல் நீதிமன்றங்கள் பற்றி நடந்த மறுஆய்வு, பெரிய, சிக்கலான மோசடி வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்று 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. நீதி அமைச்சர் டேவிட் லாமி டிசம்பரில் அந்த வழியிலேயே அரசின் திட்டத்தை அறிவித்தார். யோசனை பழையது. 1986 இல் ராஸ்கில் குழுவும் சிக்கலான மோசடி வழக்குகளில் ஜூரி வேண்டாம், ஒரு நீதிபதியும் துறை அறிந்த இருவரும் விசாரிக்கட்டும் என்றது. 2003 இல் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதப்பட்டு, ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் 2012 இல் நீக்கப்பட்டது. ஜூபிலி ரயில் பாதை விரிவாக்க ஒப்பந்த ஊழல் வழக்கு ஏறக்குறைய 2 ஆண்டு இழுத்து 2005 இல் சரிந்தபோது, பழி ஜூரிமேல் விழுந்தது. பிறகு நடந்த ஆய்வில், ஜூரியினர் சாட்சியங்களை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. அலங்கோலம் வழக்கை நடத்திய விதத்தில் இருந்தது.

வங்கி வர்த்தகர் டாம் ஹேஸின் வழக்கு என் நெஞ்சில் தைத்த முள். வங்கிகள் தங்களுக்குள் கடன் வாங்கும் வட்டியைக் காட்டும் லைபோர் விகிதத்தைத் திரித்தார் என்று 2015 இல் லண்டன் சதர்க் கிரவுன் நீதிமன்றத்தில் அவருக்கு 14 ஆண்டு விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 11 ஆனது. 2025 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கொடுக்கப்பட்ட விகிதம் நேர்மையான மதிப்பீடுதானா என்பது ஜூரி முடிவு செய்ய வேண்டிய கேள்வி. நீதிபதியோ அதைச் சட்டக் கேள்வியாக்கி, தானே விடை சொல்லி ஜூரியை வழிநடத்திவிட்டார். ஐந்தரை ஆண்டு சிறையிலிருந்து அவர் வெளியே வந்த பிறகுதான் இந்தத் தவறு திருத்தப்பட்டது. ஜூரிக்கு உரிய கேள்வியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இப்போது கேள்வியை மட்டுமல்ல, ஜூரியையே எடுத்துவிடப் போகிறார்கள்.

ஜூரி தவறே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். ஹொரைசன் என்ற அஞ்சலகக் கணினி மென்பொருள் காட்டிய தவறான கணக்கை நம்பி, அஞ்சலகக் கிளைகளை நடத்திய 900க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்கிய நாடு இது. அவர்களில் தெற்காசியக் கடைக்காரர்கள் பலர். வேறு வழி தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் போக, ஜூரியே தண்டித்தவர்களும் அதில் உண்டு. கணினி சரியாகத்தான் இயங்கியது என்ற அனுமானம் சட்டத்திலேயே இருந்தது. ஹொரைசன் மென்பொருளின் கோளாறுகள் பற்றிய விவரம் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. காட்டாததை ஜூரி எப்படிப் பார்க்கும்? கல்லாவில் பணம் குறைந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து எண்ணும் கடைக்காரர் ஒருவராவது அந்த அறைகளில் இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் குடைந்து கேட்டிருப்பார் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

ஆகவே, கடிதம் வந்தால் 7 நாட்களுக்குள் பதில் அனுப்புங்கள். பதிலே அனுப்பாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விழலாம். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்களுக்கும் அழைப்பு வரலாம். நாள் ஒத்துவரவில்லை என்றால் ஒரு முறை தள்ளிவைக்கக் கேளுங்கள். வழக்கு நீளமானது என்றால் ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் சிரமத்தை விசாரிப்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கடையைப் பார்க்க ஆளில்லை என்பது உண்மையான சிரமம், ஏனென்றால் அங்கே தரும் இழப்பீடு உங்கள் நட்டத்தை ஈடுகட்டாது. ஆனால் உச்சரிப்புக்காகக் கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள். பேசுவது விளங்கினால் போதும். விளங்காத இடத்தில் எழுதிக் கேட்க அந்தத் துண்டுச் சீட்டு இருக்கிறது.

உங்கள் தொகுதி எம்.பி.க்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். மோசடி வழக்கில் அமர நாங்கள் தயார், எங்களை வெளியேற்றாதீர்கள் என்று சொல்லுங்கள். கடை நடத்துபவர், கணக்கு எழுதுபவர் என்று உங்கள் தொழிலையும் அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் மோசடி வழக்குகளில் வாதாடும் ஒரு தமிழ் பாரிஸ்டர்