உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது

கொலராடோ, வயோமிங், ஐடஹோ மலையூர்களில் இரண்டாவது வீடு வாங்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். வருடத்தில் நான்கு வாரம் நீங்கள் இருக்கும் வீட்டை மீதி நாற்பத்தெட்டு வாரமும் பார்த்துக்கொள்கிறவன் நான். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிறர் வீட்டுச் சாவியை வைத்துப் பிழைக்கிறவன் வாயைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் முறை. போன மாதம் உங்கள் உரிமையாளர் சங்கத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலைப் படித்த பிறகு அது முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மின்னஞ்சலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் பார்க்காத நவம்பரைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் தெருவுக்கு வருவேன். வீடு வீடாக உள்ளே போய் வெப்பநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லையே என்று பார்ப்பேன். இறங்கினால் சுவருக்குள் குழாய் உறைந்து வெடிக்கக்கூடும். யாரும் இல்லாத வீட்டில் அது தெரியவரும்போது கீழ்த்தளம் குளமாகியிருக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரு நிமிடம் திறந்துவிடுவேன். கழிப்பறைகளில் தண்ணீர் இழுத்துவிடுவேன். கராஜில் நிற்கும் காரைப் பத்து நிமிடம் ஓட்டி பேட்டரிக்கு உயிர் கொடுப்பேன். வெளியே பனி கொட்டியிருக்கும், ஆனால் உங்கள் கார்ப்பாதை மட்டும் ஈரமாய், கறுப்பாய், சுத்தமாய் இருக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் ஓடும் சுடுநீர்க் குழாய்கள் பனியை உருக்கிக்கொண்டே இருக்கும், யாரும் வராத பாதைக்காக. கொலராடோவில் ஆஸ்பென் இருக்கும் பிட்கின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) இப்படி வெட்டவெளியைச் சூடாக்குகிறவர்களிடம் 2000ஆம் ஆண்டிலிருந்தே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். வெந்நீர்த் தொட்டி, வெளி நீச்சல்குளம், பனி உருக்கும் பாதை எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

உங்கள் தெருவில் பதினொரு வீடுகள். நவம்பர் இரவில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரியும். அதுவும் டைமர். அந்த டைமரை வைத்தது நான்தான்.

பணக்காரர்களாக இருப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. உங்கள் பணத்தால் இந்த ஊர்களுக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் இவ்வளவு நல்ல நூலகமும் இசை அரங்கும் வேறு எந்த நாட்டுப்புறத்தில் கிடைக்கும்? கொலராடோவின் டெல்லூரைடில் ஊரையும் மேலே இருக்கும் மவுண்டன் வில்லேஜையும் இணைக்கும் கேபிள் கார் 1996லிருந்து ஓடுகிறது. ஏறுவதற்குக் காசு கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பேருந்து. பதின்மூன்று நிமிடத்தில் ஒரு மலைமுகட்டைத் தாண்டி வேலைக்குப் போவதில் எனக்கும் ஒரு கர்வம் உண்டு.

ஆனால் ஸ்கீ எனும் பனிச்சறுக்கு சீசன் முடிந்ததும் அதே கேபிள் காரைச் சில வாரங்கள் நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கு உள்ளூரில் ‘மட் சீசன்’ என்று பெயர். பனி உருகி ஊரே சேறாகக் கிடக்கும். உணவகங்கள் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். யாருக்கும் வேலையும் இருக்காது, வருமானமும் இருக்காது, வாடகை மட்டும் இருக்கும். விளம்பரப் படங்களில் இந்த மாதங்கள் வருவதில்லை. டெல்லூரைட் 8,750 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. ஊரில் மருத்துவ மையம் உண்டு, படுக்கை வசதியுள்ள மருத்துவமனை வேண்டுமென்றால் சுமார் 65 மைல் தள்ளி மான்ட்ரோஸுக்குப் போக வேண்டும். பனிப்புயல் அன்று அந்த 65 மைல் எவ்வளவு நீளும் என்பதை நோயாளியை வண்டியில் வைத்து ஓட்டியவர்களிடம் கேளுங்கள்.

இந்த ஊர்கள் பணக்கார ஊர்களாகப் பிறந்தவை அல்ல. ஆஸ்பென் வெள்ளிச் சுரங்க ஊர். 1893இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் சுரங்கங்கள் மூடின, ஊர் காலியானது. அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1947இல் லிஃப்ட் போட்டு ஸ்கீ மலையைத் திறந்த பிறகுதான் மறுபிறப்பு. சுரங்கத் தொழிலாளி குடும்பத்தோடு ஒண்டிக்கிடந்த இரண்டு அறை மரவீட்டை இன்று வரலாற்றுச் சின்னம் என்று பாதுகாத்து, அதன் பின்னால் நாலு மடங்கு பெரிய கண்ணாடி வீட்டை ஒட்டவைத்து விற்கிறார்கள். அந்தத் தொழிலாளியின் வேலைக்கு நிகரான வேலையை இன்று செய்கிறவன் அந்த வீட்டின் திண்ணையைக்கூட வாங்க முடியாது.

இங்கே ஒரு பழைய நையாண்டி உண்டு: இந்த ஊரில் இருக்க வேண்டுமென்றால் ஒன்று மூன்று வீடு வேண்டும், இல்லை மூன்று வேலை வேண்டும். எனக்கு இரண்டரை வேலை. காலையில் சாவிகள், குளிர்கால இரவுகளில் பனி தள்ளும் வண்டி, விழாக் காலத்தில் நாற்காலி அடுக்குவது.

நிலம் குறைவு என்பது பொய்யல்ல. வயோமிங்கில் ஜாக்சன் இருக்கும் டீட்டன் கவுண்டியில் சுமார் 97 சதவீத நிலம் பொது நிலம். தேசியப் பூங்காவும் காடும் போக மிஞ்சிய மூன்று சதவீதத்தில்தான் எல்லா வீடும், எல்லாக் கடையும், எல்லாப் பள்ளியும். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் உலகத்துப் பணமெல்லாம் அந்த மூன்று சதவீதத்தைத் தேடி வருகிறது. எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி அந்தக் கவுண்டியின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் சராசரி வருமானம் மற்ற எல்லோருடைய சராசரியைப் போல 142 மடங்கு. அமெரிக்கக் கவுண்டிகளிலேயே பெரிய இடைவெளி அதுதான். அந்த 142க்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் நம் பள்ளி ஆசிரியை வீடு தேடுகிறார்.

கிடைக்காதபோது என்ன செய்வார்? மலையைத் தாண்டிப் போவார். ஜாக்சனில் வேலை செய்யும் பலர் டீட்டன் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஐடஹோவில், விக்டரிலும் டிரிக்ஸிலும் குடியிருக்கிறார்கள். தினமும் 8,431 அடி உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாயை ஏறி இறங்கித்தான் வேலைக்கு வர வேண்டும். 2024 ஜூன் 8 அன்று காலையில் அந்தச் சாலையின் ஒரு வளைவு அப்படியே சரிந்து பள்ளத்தில் விழுந்தது. முன்பே விரிசல் கண்டு சாலையை மூடியிருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சமையல்காரர், செவிலியர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எல்லோரும் தெற்கே சுற்றிக்கொண்டு, ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஓட்ட வேண்டியதாயிற்று. சரிந்த இடத்துக்கு உள்பக்கமாகத் தற்காலிகப் பாதை போட்டு ஜூன் 28இல் திறந்தார்கள். மூன்று வாரத்துக்குள் முடித்ததற்குப் பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனக்கோ அந்த மூன்று வாரங்கள்தான் மனதில் நிற்கின்றன. இவ்வளவு பணம் குவிந்த ஊர் ஒரே ஒரு மலைச்சாலையில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஆஸ்பெனுக்கு வேலையாட்கள் வருவது கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து. கிளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 40 மைல், அதற்கும் அப்பாலிருந்து வருகிறவர்களும் உண்டு. விரைவுப் பேருந்துத் தடம் என்றால் பெருநகர விஷயம் என்று நினைப்போம். அமெரிக்க நாட்டுப்புறத்தின் முதல் விரைவுப் பேருந்துத் தடம் 2013இல் அந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓடத் தொடங்கியது. விடியுமுன் அதில் ஏறிப் பாருங்கள், நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பார்க்கலாம். ஐடஹோவின் கெட்சமில் 2021இல் இன்னும் ஒரு படி போனார்கள்: வேலை செய்கிறவர்கள் நகரப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று நகர நிர்வாகமே விவாதித்தது. அவர்கள் வேலையில்லாதவர்கள் அல்ல, மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

சரி, அந்த மின்னஞ்சல். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காலி மனையில் உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்காக நாற்பது அடுக்ககங்கள் கட்ட நகர மன்றம் யோசிக்கிறது. அதை எதிர்த்து ஒவ்வொருவரும் கடிதம் எழுத வேண்டும், மாதிரிக் கடிதம் இணைப்பில் உள்ளது, வழக்கறிஞர் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நகல் எனக்கும் வந்தது. சாவி வைத்திருப்பதால் என் முகவரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது போல. காரணங்கள் மூன்று: காட்சி கெடும், நெரிசல் கூடும், எல்க் மான்களின் வழி அடைபடும். நெரிசலைப் படித்தபோது சிரித்துவிட்டேன். இன்றைக்கு அந்த நாற்பது குடும்பங்களும் தினமும் கார் ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வருவதுதானே நெரிசல்?

மான் விஷயத்தில் சிரிக்க மாட்டேன். விலங்குக் காரணம் எப்போதும் சாக்கு அல்ல. கொலராடோவின் வேய்ல் ஊரில், அதன் கிழக்குப் பகுதியில் பூத் ஹைட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு கட்ட 2019இல் அனுமதி கிடைத்தது. குளிர்காலத்தில் அங்கே மேயும் காட்டாடுகளுக்கு ஆபத்து என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் 2022இல் நகர மன்றமே அந்த மனையைக் கையகப்படுத்தத் தீர்மானித்தது. ஆடுகளுக்காகப் பேசியவர்களில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் இருந்தார்கள். அதே சரிவின் அடியில் ஏற்கெனவே வீடுகள் இருக்கின்றன என்பதும் உண்மை. அவை கட்டப்பட்டபோது ஆடுகள் எங்கே மேய்ந்தன என்று கேட்டால் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு கதை உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் நீங்கள்தான் நாயகர்கள். டெல்லூரைடுக்குள் நுழையும்போது விரிந்து கிடக்கும் புல்வெளி 572 ஏக்கர். அதில் கட்டடம் வரக்கூடாது என்று ஊர் அதைக் கையகப்படுத்தப் போனது. 2007இல் நீதிமன்ற நடுவர் குழு போட்ட விலை 5 கோடி டாலர். சின்ன ஊர், கஜானாவில் அவ்வளவு இல்லை. சில மாதங்களில் ஊர்க்காரர்களும் வீட்டுக்காரர்களும் நன்கொடை திரட்டி மீதியைக் கட்டிவிட்டார்கள். இன்றும் அங்கே எல்க் மந்தை மேய்கிறது. நானும் அதைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவன்தான். ஆனால் நிலத்தைக் காலியாக வைத்திருக்க சில மாதங்களுக்குள் இவ்வளவு பணம் திரண்டது. அதே கைகள் நாற்பது குடும்பம் குடியேறப்போகிறது என்றதும் வழக்கறிஞருக்கு ஏன் காசோலை எழுதுகின்றன? இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

பெரும்பாலான ஊர்களில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஓட்டைவிட உங்கள் கடிதங்களுக்குப் பலம் அதிகம். வழக்கு என்று ஒன்று விழுந்தால் இரண்டு கட்டட சீசன் போய்விடும். இங்கே வருடத்தில் ஆறேழு மாதம்தான் தரையைத் தோண்ட முடியும். அதற்குள் செலவு ஏறித் திட்டம் செத்துவிடும். வழக்கில் நீங்கள் ஜெயிக்கவே வேண்டாம், போட்டாலே போதும். அது உங்கள் வழக்கறிஞருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது: அந்த மாதிரிக் கடிதத்தை அனுப்பாதீர்கள். முடிந்தால் எதிர்க் கடிதம் எழுதுங்கள், மேலே நான் சொன்னதை உங்கள் பாணியில் மாற்றிக்கொள்ளலாம், எனக்குப் பெயர் வேண்டாம்.

இன்னொன்று. உங்களில் பல பேர் வீட்டில் கராஜுக்கு மேல் ஓர் அறையும் சமையலறையும் இருக்கிறது. வரைபடத்தில் ‘கேர்டேக்கர் யூனிட்’, அதாவது வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கான குடியிருப்பு, என்று எழுதி அனுமதி வாங்கியது. இப்போது அதில் ஸ்கீ உபகரணங்கள் தூங்குகின்றன. அதை வருடம் முழுக்க ஒருவருக்கு வாடகைக்கு விடலாம். முழு வீட்டையே மனதில் வைத்திருப்பவர்களுக்கு வேய்லில் ஒரு வழி இருக்கிறது: இந்தக் கவுண்டியில் வாரம் 30 மணி நேரமாவது வேலை செய்கிறவர்தான் இங்கே குடியிருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால், அதற்கு நகரமே உரிமையாளருக்குப் பணம் தருகிறது. ஆஸ்பெனில் இப்படி உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒதுக்கிய வீடுகளைப் பல பத்தாண்டுகளாகப் பெரிய அளவில் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 1,500 மணி நேரம் உள்ளூரில் வேலை செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதிலும் குலுக்கல் முறை, தகராறு, ஓய்வு பெற்றவர்களை என்ன செய்வது என்ற குழப்பம் எல்லாம் உண்டு. இருந்தாலும் அங்கே நவம்பர் இரவில் நிஜமான விளக்குகள் எரியும் தெருக்கள் இருக்கின்றன.

கடைசியாகத் தொழில் விஷயம். தெருக்கோடி வீட்டுக்காரருக்கு: போன செவ்வாய் பார்த்தபோது உங்கள் கராஜ் மேலறைக் குளியலறையில் சூடுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது. இப்போதைக்கு அந்த வால்வை மூடி, அடியில் வாளி வைத்திருக்கிறேன். பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் இருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம். வரும் வியாழன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சாலை திறந்திருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் சாவி வைத்திருப்பவன்